இரண்டாம் ஆண்டுக்கு வேறு முறை

பெண்கள் விடுதி
ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணி என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. போன வருடம் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உன்னைச் சோடாபுட்டி என்று கூப்பிட்ட வாய் இது. அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இனிமே அவ உன் அண்ணன் பொண்டாட்டி. வாடி போடின்னா பல்லை உடைச்சிடுவேன்." அம்மா இதைப் படிக்கப்போவதில்லை. அதனால் நீ என்றே எழுதுகிறேன். அண்ணனுக்கு வயிற்றெரிச்சல் குறைந்ததா? அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மண்டையில்தான்.

முடிவு வந்துவிட்டது. நாலு பாடத்தில் மூன்றில் கோட்டைவிட்டேன். நீ கல்லூரியிலேயே முதலாவதாக வந்திருக்கிறாய். தேர்வு முடிந்த மறு மாதமே எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போய்விட்டாய். உன் தோளில் சாய்ந்து தூங்கிய நான் சட்டப் படிப்பின் முதலாம் ஆண்டை மறுபடியும் படிக்கிறேன்.

அப்பா கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை கவுந்தா படிப்பு அவ்வளவுதான். கல்யாணம் பண்ணி அனுப்பிடுவேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் படிக்கவே இல்லை என்று நினைக்காதே. நாளெல்லாம் புத்தகத்தோடுதான் கிடந்தேன். முக்கியமான வரிகளுக்கெல்லாம் மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன். இப்போது புத்தகத்துக்கே மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கிறது. படிக்கும்போது எல்லாம் புரிகிறது. கேள்வித்தாளைப் பார்த்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. நீ எப்படிப் படித்தாய்? ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே புத்தகம். எனக்கு மட்டும் ஏன் ஏறவில்லை?

விடுதிப் போனில் கொஞ்சம் பேசினாலே வார்டன் வந்து பக்கத்தில் நின்றுவிடுவாள். அதனால் எழுது, டி. விவரமாக எழுது.

உன்
வாயாடி


ஜூலை 21

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் காய்ச்சல். படித்ததும் பாதி இறங்கிவிட்டது. உன் அண்ணனுக்கு வயிறு பரவாயில்லை. காரத்தைக் குறைத்துவிட்டேன், அதில் என் மேல் கோபம். அத்தையின் முழங்கால் வலி எப்படி?

முதலில் அந்த மஞ்சள் பேனாவைத் தூக்கிப் போடு. கோடு போடும்போது கைதான் வேலை செய்கிறது, மூளை தூங்குகிறது.

தீர்ப்பை முதல் வரியிலிருந்து படிக்காதே. யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காகச் சண்டை, அதை முதலில் தேடு. பக்கத்து வீட்டு வம்பைச் சொல்வதுபோல அதை யாரிடமாவது சொல். அந்தத் திறமைக்கு உன்னிடம் பஞ்சமில்லை. பிறகு, நீதிபதி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று ஒரே வரியில் எழுது. அந்த வரி வரவில்லை என்றால் உனக்குத் தீர்ப்பு புரியவில்லை. மேலே போகாதே.

சட்டப் பிரிவுகளை உருப்போடாதே. கழற்றிப் பார். திருட்டு என்றால், பொருள் நகர்த்தக்கூடியதா, இன்னொருவர் கையில் இருந்ததா, அவர் சம்மதம் இல்லாமல் எடுத்தானா, மனசில் வஞ்சகம் இருந்ததா. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, 'இது இல்லாவிட்டால் இன்னமும் திருட்டா?' என்று கேட்டுக்கொள்.

படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் நிற்பதை வெள்ளைத் தாளில் எழுது. கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டம்தான் படிப்பு.

எனக்கு ஒரு உதவி. படிப்பை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்துக்குள் திரும்பச் சேரலாம் என்று விதி இருக்கிறது. விண்ணப்பிக்கும் தேதியை அலுவலக வாசல் பலகையில்தான் ஒட்டுவார்களாம். ஒட்டியதும் எனக்கு ஒரு வரி எழுது. உன் அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார். "இடம் கிடைச்சா விடுதியில தங்கிப் படி" என்றார். அடுத்த ஜூலையில் நீயும் இரண்டாம் ஆண்டு, நானும் இரண்டாம் ஆண்டு. மறுபடி ஒரே பெஞ்ச்.

இங்கே மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கிடங்குகளின் தகரக் கூரைகள். அவர் வேலைக்குப் போனதும் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு என் பழைய குறிப்புகளை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அந்த நேரம் மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன்.

உன்
சோடாபுட்டி


ஆகஸ்ட் 18

அன்புள்ள சோடாபுட்டி அண்ணிக்கு,

காய்ச்சல் அறவே விட்டதா? எனக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் ஊருக்கே கேட்கிறது.

நீ சொன்னபடி ஆரம்பித்துவிட்டேன். என் அறைத்தோழி நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அவளிடம்தான் என் பாடத்தையெல்லாம் சொல்லிக் காட்டுகிறேன். நேற்று திருட்டை விளக்கினேன்.

"உன் சோப்பை நான் எடுத்தா திருட்டா?"

"எடுத்தது நீதானா? மூணு நாளா தேடிட்டு இருக்கேன்!"

"இரு. திருப்பி வெச்சுடலாம்னு நினைச்சு எடுத்தேன். அப்போ?"

"வெச்சியா?"

"தீந்துபோச்சு."

"அப்ப திருட்டுதான். வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பிரிவு இனி செத்தாலும் மறக்காது. வெள்ளைத் தாள் முறைதான் உயிரை எடுக்கிறது. முதல் நாள் இரண்டு வரியோடு பேனா நின்றுவிட்டது, அழுகையே வந்தது. இப்போது ஒரு பக்கம் வருகிறது. வாரத் தேர்வில் பாஸ். குற்றவியல் வாத்தியார் என் தாளைத் தூக்கிக் காட்டி, "இது நீ எழுதினதுதானா?" என்று கேட்டார். கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வழக்கைக் கொடுத்து யார் பக்கம் நியாயம் என்று கேட்கிற பிரச்சினைக் கேள்விகள் வந்தால் மட்டும் முழி பிதுங்குகிறது. அதற்கு என்ன வழி? சீக்கிரம் எழுது.

உன்
வாயாடி


செப்டம்பர் 2

அன்புள்ள வாயாடிக்கு,

உன் ஜலதோஷம் போயிருக்கும். எனக்குக் கண்ணாடியின் பவர் கூடிவிட்டது. உன் அண்ணன், "இப்பவும் படிச்சுக்கிட்டே இருந்தா கூடாம என்ன செய்யும்?" என்கிறார். ஆனால் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்.

பிரச்சினைக் கேள்வியில் உனக்கு யார் பக்கம் நியாயம் என்று தோன்றுகிறதோ, அவனுக்கு எதிராளியின் வாதத்தை முதலில் எழுது. அந்த எதிராளிக்காக நிஜமாகவே சண்டை போடு. பிறகு அதை உடை. இரண்டு பக்கமும் வாதாடத் தெரிந்தவளுக்குத்தான் மதிப்பெண்.

ஐந்து வருடத்துப் பழைய வினாத்தாள்களை நூலகத்தில் வாங்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுது. ஒரு பாடத்தை ஒரே நாளில் கரைத்துக் குடிக்காதே. இன்று கொஞ்சம், நாலு நாள் கழித்துக் கொஞ்சம், மறக்கிற சமயத்தில் மறுபடி. மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் பதிகிறது.

பலகையைப் பார்த்தாயா? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இன்னும் ஒட்டியிருக்க மாட்டார்கள், தெரியும். இருந்தாலும் ஒரு கண் வைத்திரு. அலுவலகத்துக்கு நானே இரண்டு தடவை எழுதினேன். கிணற்றில் போட்ட கல்தான். தேதி தவறினால் என் இடம் போய்விடும். அப்புறம் நுழைவுத் தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கெல்லாம் உன் அண்ணன் விடமாட்டார். அவர் சம்மதித்ததே இடம் இருக்கிறது என்பதால்தான்.

உன்
சோடாபுட்டி


நவம்பர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மூச்சு விட நேரமில்லை. அண்ணனும் நீயும் சுகம்தானே? அண்ணன் போனில் நீ இளைத்துவிட்டாய் என்றார். வேளைக்குச் சாப்பிடு.

அரையாண்டுத் தேர்வில் வகுப்பிலேயே நான்தான் முதல்! நம்ப முடிகிறதா? அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பெயின்ட் வாங்க வந்தவரை நிறுத்திவைத்து என் மதிப்பெண்ணைச் சொன்னாராம்.

இன்னொரு வேடிக்கை. வகுப்புப் பெண்கள் எப்படிப் படிக்கிறாய் என்று பிய்த்துத் தின்றார்கள். உன் கடிதங்களில் மேலேயும் கீழேயும் இருந்த வீட்டு விஷயங்களைக் கத்தரியால் வெட்டிவிட்டு, நடுவில் இருந்ததை நகல் எடுத்துக் கொடுத்தேன். அது கைக்குக் கை போய், கல்லூரி முதல்வர் வரைக்கும் போய்விட்டது. அவர் அதை அச்சடித்து எல்லா முதலாம் ஆண்டு மாணவர்களுக்கும் கொடுத்திருக்கிறார். கீழே என் பெயர் போட்டிருக்கிறது. நான் போடச் சொல்லவில்லை, அவர்களே போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் பெரிய கதையாகிவிடும் என்று விட்டுவிட்டேன். உனக்கு இதிலெல்லாம் ஆசை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு சந்தேகம். ஒருவன் கேட்டதற்கு இன்னொருவன் பதிலே சொல்லாமல் இருந்தால், ஒப்புக்கொண்டதாக ஆகுமா ஆகாதா? வாத்தியார் குழப்பிவிட்டார்.

அவசரமாக,
வாயாடி


டிசம்பர் 1

அன்புள்ள வாயாடிக்கு,

முதலிடம் என்று படித்ததும் கிடங்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். உன் அண்ணனுக்குச் சொன்னேன். "யார் தங்கச்சி?" என்றார். நான் இளைக்கவில்லை, இரண்டு நாள் தலைவலி, அவ்வளவுதான்.

அச்சடித்த தாள் ஒன்றை எனக்கு அனுப்பு. பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன் சந்தேகம்: ஆகாது. "வெள்ளிக்கிழமைக்குள் நீ மறுக்காவிட்டால் என் பழைய தையல் மெஷினை நீ வாங்கிக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன்" என்று ஒருவன் உனக்கு எழுதுகிறான். நீ பதிலே போடவில்லை. உன்னை அது கட்டாது. வாய் திறந்தோ செய்கையிலோ சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டும். சும்மா இருப்பவள் தலையில் யாரும் கடமையைக் கட்ட முடியாது. எதிர்ப்பக்கத்தையும் யோசி. இருவருக்கும் பல வருடப் பழக்கம் இருந்து, எப்போதும் சும்மா இருப்பதையே சரி என்று எடுத்துக்கொண்டு வந்திருந்தால்? அப்போது கேள்வி கடினமாகிறது. தேர்வில் இதைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தேதி எப்போது? நீ வகுப்புக்குப் போகிற வழியில்தானே அந்தப் பலகை? பெட்டியில் என் சான்றிதழ்களை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டேன். உன் ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கிறேன்.

உன்
சோடாபுட்டி


ஏப்ரல் 26

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அம்மாவும் அப்பாவும் சுகம். ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. நன்றாக எழுதியிருக்கிறேன். நடுவில் நீங்கள் அனுப்பிய இரண்டு அஞ்சலட்டைகளும் வந்தன.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பைப் பிப்ரவரியில் ஒட்டினார்கள். மார்ச் கடைசியில் தேதி முடிந்துவிட்டது. தினமும் இரண்டு வேளை அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நான் உங்களை ஏமாற்றியதாக நினைக்கக்கூடாது. நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டீர்கள். நான் ஒரு கடிதத்திலாவது சரி என்று எழுதினேனா? எடுத்துப் பாருங்கள். சும்மா இருப்பவள் தலையில் கடமையைக் கட்ட முடியாது என்று எனக்கு எழுதியதே நீங்கள்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் நான் மறுபடியும் அந்தத் தோளில் தூங்குகிறவள்தான். வாத்தியார் கேள்வி கேட்டதும் எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பும். அச்சடித்த தாள் யாருடையது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். ஒரு வருடமாகத்தான் இங்கே எல்லோரும் என்னை மனுஷியாக மதிக்கிறார்கள். அதை என்னால் விட முடியாது. உங்களுக்கு வீடு இருக்கிறது, அண்ணன் இருக்கிறார். நாளைக்குக் குழந்தை வரும். எனக்கு இது ஒன்றுதான்.

அம்மா சொன்னபடி இனி மரியாதையாகவே எழுதுவதாக இருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மே 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. தேர்வை நன்றாக எழுதியது குறித்துச் சந்தோஷம். இங்கே வெயில் கடுமை. தகரக் கூரை மேல் கண் வைக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

தேதி முடிந்துவிட்டதை உன் அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சரி விடு. அலைச்சல் மிச்சம்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். போட்டேன்.

அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன்
அண்ணி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அண்ணன்தான் எடுத்தார். "குளிக்கிறா", "தூங்குறா", "கடைக்குப் போயிருக்கா". உனக்கு உடம்பு சரியில்லையா? அல்லது என் மேல் கோபமா? ஏப்ரலில் நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. என்ன பேய் பிடித்தது என்றே தெரியவில்லை. பழசை மறந்துவிடு. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

முதலாம் ஆண்டில் கல்லூரியிலேயே முதல் பரிசு எனக்குத்தான். அப்பா கண் கலங்கிவிட்டார். ஆனால் இப்போது இரண்டாம் ஆண்டு. சாட்சியச் சட்டம், வழக்கு நடைமுறைச் சட்டம். பிரிவுகள் புற்றிலிருந்து எறும்பு வருகிற மாதிரி வந்துகொண்டே இருக்கின்றன. டிசம்பர் தேர்வில் வாய்மொழித் தேர்வும் உண்டு. வெளியிலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி வருகிறார். முதல்வர் எல்லோர் முன்னாலும் "நம்ம முதல் பரிசுக்காரி அசத்தப்போறா" என்று சொல்லிவிட்டார். அப்பாவோ, இதில் நான் சறுக்கினால் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார். தரகர் ஒருவர் ஏற்கெனவே கடைக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார்.

நீ வீட்டிலேயே இரண்டாம் ஆண்டுப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தாய் என்று அண்ணன் ஒரு தடவை சொன்னார். எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுது, டி. கெஞ்சிக் கேட்கிறேன். நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

உன் பழைய
வாயாடி


ஆகஸ்ட் 29

அன்புள்ள வாயாடிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன். உன் மேல் எனக்கு என்ன கோபம்? பரிசு வாங்கியதற்கு வாழ்த்து. உன் தூக்கம், சாப்பாடு எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும்.

இரண்டாம் ஆண்டுக்கு வேறு முறை. ரொம்ப யோசித்துத்தான் எழுதுகிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். முதலாம் ஆண்டுக்கு நான் சொன்னதையெல்லாம் ஒதுக்கி வை.

இவை நடைமுறைச் சட்டங்கள். இங்கே ஒரு சொல் மாறினால் எல்லாம் மாறிவிடும். ஆகவே பிரிவுகளை எண்ணோடு, வார்த்தை பிசகாமல் உருப்போடு. புத்தகத்தை மூடாதே. மூடி எழுதினால் உன் சொந்தச் சொற்கள் கலந்துவிடும். கண்ணெதிரே திறந்து வைத்துத் திரும்பத் திரும்ப வாசி. மஞ்சள் பேனாவை எடுத்துக்கொள். அது உனக்கு இயல்பாக வந்த பழக்கம், நான்தான் தடுத்துவிட்டேன். ஒரு வரி விடாமல் கோடு போடு.

நர்ஸ் படிக்கிறவளிடம் விளக்கிக்கொண்டிருக்காதே. எளிமையாகச் சொல்லப் போய் நுணுக்கம் போய்விடும். பழைய வினாத்தாள்களைத் தொடாதே, அவை மனசைக் குறுக்கிவிடும். இரண்டு பக்கமும் வாதாடிப் பார்க்கிற வேலையும் வேண்டாம். நடைமுறையில் வாதத்துக்கு என்ன இடம்? வாய்மொழித் தேர்வில் கேள்வி எதுவானாலும் பொருத்தமான பிரிவை முழுதாகச் சொல். நீதிபதிகளுக்கு நினைவாற்றல்தான் பிடிக்கும். ஒரு பாடத்தை எடுத்தால் அதை ஒரேயடியாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ. திரும்பிப் பார்க்காதே.

இதை யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்காதே. உனக்காக மட்டும் எழுதியது.

வாசிக்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் சரியான வழியில் போகிறாய் என்று அர்த்தம்.

உன்
சோடாபுட்டி


ஜனவரி 11

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ சொன்னபடிதான் படித்தேன். நாலு மாதம். அறைத்தோழி, "ஏன் என்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறே?" என்று கேட்டதற்கு, இரண்டாம் ஆண்டு வேறு என்று சொன்னேன். எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் ஐந்தும் பிரச்சினைக் கேள்விகள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரிவுகள். தாள் முழுக்க அவற்றையே எழுதி வைத்தேன். நாலு பாடத்திலும் போய்விட்டது.

வாய்மொழித் தேர்வு அதைவிட மோசம். நீதிபதி நல்ல மனிதர்தான். "கடைக்காரர் திருடனைப் பார்க்கலை. ஆனா குரலைக் கேட்டேன்னு சாட்சி சொல்றார். எதிர்த்தரப்பு வக்கீலா நீங்க அவரை என்ன கேப்பீங்க?" என்றார். நான் பிரிவைச் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்தினார். "சட்டம் புத்தகத்துல இருக்கும்மா. நான் உங்களைக் கேட்டேன்." மறுபடியும் பிரிவையே சொன்னேன். வேறொன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை பாதியில் அதுவும் மறந்துவிட்டது. ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல்வர் மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்துவந்து நீதிபதி முன்னாலேயே படித்தார். "புத்தகத்தை மூடி எழுது. எதிராளிக்காக வாதாடு. யாருக்காவது விளக்கு. இதை எழுதினது நீங்கதானே?" நான் ஆமாம் என்றேன். "அப்புறம் ஏன் இதுல ஒண்ணைக்கூட நீங்க செய்யலை?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அறைக்கு வந்து உன் ஆகஸ்ட் கடிதத்தையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் நேர் எதிர். ஒன்றுகூட விடவில்லை நீ.

அப்பா வந்து பெட்டியைக் கட்டி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். மருந்துக் கடைக்காரர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டார்கள். அவருடைய அம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "சட்டமெல்லாம் இனி எதுக்கு? வாயைக் குறைச்சுக்கிட்டா போதும்." நான் அழுதேன், கெஞ்சினேன். அப்பா கணக்கு எழுதுவதை நிறுத்தவே இல்லை. அவர் காது கொடுத்துக் கேட்பது அண்ணன் ஒருவர் பேச்சைத்தான். "இன்னொரு வருஷம் விடுங்கப்பா" என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ சொன்னால் அண்ணன் சொல்வார். மார்ச்சில் தேதி குறிக்கப் போகிறார்கள். அதற்குள் சொல்.

இன்னும் ஒன்று. அந்தக் கடிதத்தை எழுதும்போது உனக்குத் தெரியுமா? தெரிந்தேதான் எழுதினாயா? நான் செய்ததற்கு இது சரிதான் என்று வேண்டுமானாலும் எழுது, திட்டு, காறித் துப்பு. ஆனால் ஒரு வரி எழுது.

வாயாடி


பிப்ரவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், அதில் எதற்கும் நேரம் கிடைக்கவில்லை. நீ தூங்குவதே இல்லை என்று அத்தை போனில் வருத்தப்பட்டார்கள். கல்யாணப் பெண் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தால் நன்றாகவா இருக்கும்? நேரத்துக்குப் படுத்துவிடு. அத்தைக்கு முழங்கால் இப்போது தேவலை என்று கேட்டதில் சந்தோஷம். உன் அண்ணனுக்கும் வயிறு சரியாகிவிட்டது.

போன வாரம் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் உன் அண்ணனைப் பார்க்க இங்கே வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. அந்த அம்மாதான் பேசினார்கள். தேநீர் கொடுத்தேன். நீயும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. சமையலறை வரைக்கும் வந்து, "பொண்ணு எப்படி? கெட்டிக்காரியா?" என்று கேட்டார்கள்.

"சொல்லிக் குடுத்தா அப்படியே செய்வா" என்றேன். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி.

கல்யாண ரவிக்கை தைப்பது என் பொறுப்பு என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார். கீழ் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல தையல்காரர் ஒருவர் இருக்கிறார். நீ இளைத்துவிட்டாய் என்று அத்தை சொல்வதால் பழைய அளவு சரிவராது. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் நாலையும் புதிதாக அளந்து அனுப்பு. உனக்கு நீல நிறம் எடுக்கும், அதிலேயே துணி பார்த்து வைத்திருக்கிறேன்.

தாமதிக்காதே. அந்தத் தையல்காரர் சொன்ன நாளுக்கு அளவு வராவிட்டால் அடுத்தவர் துணியை எடுத்துவிடுவார். ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

உன்
அண்ணி